வாக்குச்சாவடி வாசலில் ஒரு டி-ஷர்ட்: மினசோட்டா வழக்கு, நிகழ்வு ஆய்வு

2010 நவம்பர் தேர்தல் நாள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒருவர் ஓட்டுப் போட வருகிறார். 'மினசோட்டா வோட்டர்ஸ் அலையன்ஸ்' என்ற வாக்காளர் அமைப்பின் செயல் இயக்குநர் அவர். அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டில் 'டோன்ட் ட்ரெட் ஆன் மீ' என்ற வாசகமும் 'டீ பார்ட்டி பேட்ரியட்ஸ்' அமைப்பின் லோகோவும் இருந்தன. 'என்னை மிதிக்காதே' என்பது அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்துப் பாம்புக் கொடியிலிருந்து வந்த முழக்கம். சிறிய அரசு, குறைந்த வரி என்று பேசும் டீ பார்ட்டி இயக்கத்தார் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டையில் பெரிதாக ஒரு பேட்ஜும் குத்தியிருந்தார். அதில் 'ப்ளீஸ் ஐ.டி. மீ', அதாவது 'என்னிடம் அடையாள அட்டை கேளுங்கள்' என்ற வாசகமும், ஒரு கண்ணின் படமும், ஓர் அமைப்பின் தொலைபேசி எண்ணும் இணைய முகவரியும் இருந்தன.

தன்னை இரண்டு முறை ஓட்டுப் போட விடாமல் திருப்பி அனுப்பினார்கள் என்பது அவருடைய புகார். கடைசியில் அலுவலர் அவருடைய விவரங்களைக் குறித்துக்கொண்ட பிறகே ஓட்டுப் போட முடிந்தது. அதே நாளில் இன்னொருவரிடம் டீ பார்ட்டி சட்டையை மறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பேட்ஜை மறைக்க மாட்டேன் என்ற வேறொருவரின் பெயரையும் முகவரியையும் எழுதி வைத்தார்கள். வாக்குச்சாவடியில் அரசியல் பேட்ஜ் அணியக் கூடாது என்ற மாநில விதியை எதிர்த்துத் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்பே தொடங்கியிருந்த வழக்கு 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ராம்சி கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) தேர்தல் மேலாளர் பெயரோடு சேர்த்து 'மினசோட்டா வோட்டர்ஸ் அலையன்ஸ் எதிர் மான்ஸ்கி' என்று இந்த வழக்கைக் குறிப்பிடுகிறார்கள்.

பொது இடத்தில் உடுப்புக்கு விதி எழுதும் எவரும் இந்த வழக்கை வரி வரியாகப் படிப்பது நல்லது. அந்த விதியின் நோக்கம் சரி என்றே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. விதி தோற்றது, அதை எழுதியிருந்த விதத்தால்.

சட்டம் சொன்னது என்ன

மினசோட்டா தேர்தல் சட்டத்தின் 211பி.11 பிரிவில் அப்போது மூன்று தடைகள் இருந்தன. முதலாவது, வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 100 அடிக்குள் பிரசாரம் செய்யக் கூடாது, ஓட்டுக் கேட்கக் கூடாது. இரண்டாவது, அரசியல் பேட்ஜுகளை அங்கே யாருக்கும் விநியோகிக்கக் கூடாது. மூன்றாவது, அரசியல் பேட்ஜ், அரசியல் பட்டன் (சட்டையில் குத்திக்கொள்ளும் வட்ட பேட்ஜ்), 'பிற அரசியல் சின்னங்கள்' எதையும் வாக்குச்சாவடியிலோ அதன் அருகிலோ அணியக் கூடாது. வழக்கு இந்த மூன்றாவது வாக்கியத்தைப் பற்றி மட்டும்தான். முதல் வகைத் தடைக்கு முன்தீர்ப்பின் பலம் உண்டு: டென்னசி மாநிலத்தின் 100 அடி பிரசாரத் தடையை உச்ச நீதிமன்றம் 1992இலேயே ஏற்றிருந்தது.

மூன்றாவது வாக்கியத்தில் 'அரசியல்' என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. அகராதிப்படி எடுத்தால் அரசோடும் அரசு நடத்தையோடும் தொடர்புடைய எல்லாம் அதில் அடங்கும். 'ஓட்டுப் போடுங்கள்!' என்று மட்டும் எழுதிய சட்டையும் சிக்கும். வழக்கு வந்த பிறகு, அந்தத் தேர்தலுக்கு முன்பு அதிகாரிகள் ஒரு வழிகாட்டுதலை அனுப்பினார்கள். எவை எல்லாம் தடை என்று அதில் ஐந்து வகை எடுத்துக்காட்டுகள். மாநிலத்திலுள்ள கட்சிகளின் பெயர், எந்தத் தேர்தலிலும் நிற்கும் வேட்பாளரின் பெயர், வாக்கெடுப்புக்கு விடப்பட்ட கேள்வியை ஆதரிப்பது அல்லது எதிர்ப்பது, வாக்களிப்பைப் பாதிக்கும் நோக்கில் ஒரு பிரச்சினையைப் பேசுவது ('ப்ளீஸ் ஐ.டி. மீ' பட்டன் இங்கே பெயரோடு குறிப்பிடப்பட்டது), எல்லோருக்கும் தெரிந்த அரசியல் நிலைப்பாடு கொண்ட குழுவை முன்னிறுத்துவது (டீ பார்ட்டி, இடதுசாரிச் சாய்வுள்ள மூவ்ஆன் போன்றவை). பட்டியல் இத்துடன் முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

நடைமுறை இப்படி: மறைத்துக்கொள்ளும்படியோ கழற்றும்படியோ அலுவலர் கேட்க வேண்டும். மறுத்தாலும் ஓட்டுப் போட விட வேண்டும். ஆனால் நடந்தது பதிவாகும், உரிய அதிகாரிகளுக்குப் போகும் என்று தெரிவிக்க வேண்டும். மீறுவோருக்குச் சிறு குற்றத்துக்கான 300 டாலர் வரையிலான அபராதமோ, நிர்வாக விசாரணையில் 5,000 டாலர் வரை போகக்கூடிய தண்டமோ காத்திருந்தது.

காகிதத்தில் இது மென்மையான ஏற்பாடுதான். ஆனால் ஒருவர் வரிசையில் நின்று கடைசியில் மேசைக்கு வரும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர் "உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதி மேலே அனுப்புகிறேன்" என்று சொன்னால், அந்த ஓட்டுக்கு ஒரு விலை வைத்தாகிவிட்டது. திருப்பி அனுப்பியதாகச் சொல்லப்பட்டது வேறு கதை: அது வழிகாட்டுதலுக்கே முரண். ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டும் வேலை செய்யும் தற்காலிக அலுவலர் கையில் மங்கலான விதியைக் கொடுத்தால், அவர் அதைத் தனக்குப் பாதுகாப்பான பக்கமாக, அதாவது கடுமையான பக்கமாகத்தான் வளைப்பார்.

எட்டு ஆண்டுப் பாதை

தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்பே விதியை நிறுத்திவைக்கக் கேட்டு அலையன்ஸ் தரப்பினர் நீதிமன்றம் போனார்கள், கிடைக்கவில்லை. பிறகு கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மினசோட்டாவை உள்ளடக்கிய எட்டாவது வட்டார (சர்க்யூட்) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் ஒரு பகுதியை மட்டும் திருப்பி அனுப்பியது. 2017இல் மாநிலத்தின் பக்கமே நின்றது. உச்ச நீதிமன்றத்தில் 2018 பிப்ரவரி 28 அன்று வாதம், ஜூன் 14 அன்று தீர்ப்பு. ஏழுக்கு இரண்டு. பெரும்பான்மைத் தீர்ப்பைத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார்.

வாய்மொழி வாதத்தில்தான் விதி உடைந்தது. நீதிபதிகள் ஒவ்வொரு சட்டையாகச் சொல்லிக் கேட்க, மாநிலத் தரப்பு வழக்கறிஞர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வானவில் கொடி போட்ட சட்டை? வாக்குச்சீட்டில் ஓரினச் சேர்க்கையாளர் உரிமை தொடர்பான கேள்வி இல்லாவிட்டால் அனுமதி. தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் பெயர்? கிடையாது. அரசமைப்பின் இரண்டாவது திருத்தத்தை, அதாவது ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பற்றிய வாசகத்தை அப்படியே அச்சிட்ட சட்டை? தடை. முதல் திருத்தத்தின் வாசகம், அதாவது பேச்சுரிமை? அனுமதி. 'ஆல் லைவ்ஸ் மேட்டர்', அதாவது 'எல்லா உயிர்களும் முக்கியம்'? அரசியலாகப் பார்க்கப்படலாம்.

ஒரே அரசமைப்பின் இரண்டு திருத்தங்கள். இரண்டையும் ஒரே எழுத்துருவில் ஒரே வெள்ளைத் துணியில் அச்சடித்துக் கொண்டுவந்தால், ஒருவர் உள்ளே போகலாம், மற்றவர் சட்டையை மறைக்க வேண்டும். விதியின் சொற்களிலிருந்து இந்த வேறுபாடு வரவில்லை. எந்தப் பேச்சு இந்த வருடம் சூடாக இருக்கிறது என்று அலுவலர் செய்திகளைப் பார்த்து வைத்திருக்கும் கணிப்பிலிருந்துதான் வருகிறது. மாநிலத்தின் வழக்கறிஞரே மேடையில் நின்று யோசித்துச் சொல்ல வேண்டிய பதிலை, காலை வரிசை நீளும் நேரத்தில் ஒரு தற்காலிக அலுவலர் சில நொடிகளில் எப்படிச் சொல்வார்?

ராபர்ட்ஸின் தீர்ப்பு மூன்று படிகளாகப் போகிறது. வாக்குச்சாவடி, பூங்காவைப் போலவோ தெருவைப் போலவோ பொதுப் பேச்சுக்கான இடம் அல்ல. ஒரே ஒரு வேலைக்காக ஒதுக்கப்பட்ட அரசு இடம். ஆகவே அங்கே பேச்சைக் கட்டுப்படுத்தலாம்; கட்டுப்பாடு நியாயமானதாகவும், எந்தக் கருத்துக்கும் சார்பில்லாததாகவும் இருந்தால் போதும். இரண்டாவது, அமைதியான இடத்தில் வாக்காளர் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பது மாநிலத்தின் முறையான அக்கறை. இதற்கு வரலாறும் சாட்சி: 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கட்சிகளே தங்கள் வாக்குச்சீட்டை நிறம் நிறமாக அச்சடித்துக் கொடுத்தன. யார் கையில் எந்த நிறம் என்று சுற்றி நிற்பவர்கள் பார்த்தார்கள். மிரட்டலும் அடிதடியும் சாதாரணம். 1888க்கும் 1896க்கும் இடையில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ரகசிய வாக்குச்சீட்டுக்கு மாறியது அதனால்தான்.

மூன்றாவது படியில் விதி விழுந்தது. எது உள்ளே வரலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்பதற்கு அலுவலர் காரணத்தோடு ஒரே மாதிரி பயன்படுத்தக்கூடிய அளவுகோல் வேண்டும். ஐந்து வகையில் கட்சி, வேட்பாளர், வாக்கெடுப்புக் கேள்வி ஆகிய முதல் மூன்றில் பெரிய குழப்பம் இல்லை. நான்காவதான 'பிரச்சினை சார்ந்த' பொருள் என்பது, ஏதாவது ஒரு கட்சியோ வேட்பாளரோ நிலைப்பாடு எடுத்த எந்த விஷயத்தையும் இழுத்துக்கொள்ளும். ஒரு வேட்பாளர் முன்னாள் படைவீரர் உதவித்தொகை பற்றிப் பேசியிருந்தால் 'நம் படைவீரர்களை ஆதரிப்போம்' சட்டையும் சிக்கும். இதைச் சரியாக அமல்படுத்த, சீட்டிலுள்ள ஒவ்வொருவரின் கொள்கையையும் அலுவலர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஐந்தாவது வகை இன்னும் மோசம். முதியோர் நலச் சங்கம், குடியுரிமைச் சங்கம், காட்டுயிர் நிதியம், ஏன் பென் அண்ட் ஜெரிஸ் ஐஸ்கிரீம் நிறுவனம் வரை பொது விஷயங்களில் கருத்துச் சொன்னவைதான். எது 'எல்லோருக்கும் தெரிந்த' நிலைப்பாடு என்பது அலுவலருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது.

மாறுபட்ட தீர்ப்பை சோனியா சோட்டோமயோர் எழுதினார். ஸ்டீபன் பிரையர் சேர்ந்துகொண்டார். மாநிலச் சட்டத்துக்கு முதலில் மாநில உச்ச நீதிமன்றம் விளக்கம் சொல்லட்டும், அங்கே அனுப்புவோம் என்பது அவர்கள் கருத்து. நடைமுறையில் இதற்கு மதிப்பு உண்டு: குறுகலான விளக்கம் வந்திருந்தால் விதி பிழைத்திருக்கலாம்.

'ப்ளீஸ் ஐ.டி. மீ' பட்டனைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2010இல் மினசோட்டாவில் ஓட்டுப் போடப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயமில்லை. அதைக் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2012இல் மாநில மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். இந்த பட்டனைப் பார்க்கும் முதல்முறை வாக்காளர் 'அட்டை இல்லாவிட்டால் ஓட்டு இல்லையோ' என்று திரும்பிப் போகக்கூடும் என்பது வெறும் கற்பனைக் கவலை அல்ல. வாக்களிக்கும் முறை பற்றி வாக்காளரைத் தவறாக வழிநடத்தும் நோக்குள்ள செய்திகளை மாநிலம் தடை செய்யலாம் என்று தீர்ப்பின் அடிக்குறிப்பே சொல்கிறது. அதற்கென்று தனி விதி எழுதியிருந்தால் பட்டன் விஷயத்தில் மாநிலத்தின் கை ஓங்கியிருக்கும் என்பதே எங்கள் கணிப்பு. 'அரசியல்' என்ற பெரிய போர்வைக்குள் அதைச் சுருட்டியதால் வலுவான வாதமும் சேர்ந்து போனது.

தாங்கும் விதி எப்படி இருக்கும்

இன்னும் தெளிவான மாதிரிகளாக இரண்டு மாநிலங்களைத் தீர்ப்பே சுட்டுகிறது. கலிஃபோர்னியா, வேட்பாளரின் பெயர், உருவம், லோகோ, வாக்கெடுப்புக் கேள்வியின் எண், தலைப்பு, பொருள் ஆகியவற்றைக் காட்டுவதைத் தடுக்கிறது. தொப்பி, சட்டை, பேனா, ஸ்டிக்கர் என்று பொருட்களையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. டெக்சாஸ், அன்றைய வாக்குச்சீட்டில் உள்ள வேட்பாளர், கேள்வி, கட்சி ஆகியவற்றோடு, அல்லது தேர்தலை நடத்தும் விதத்தோடு தொடர்புடைய பேட்ஜையும் சின்னத்தையும் தடுக்கிறது. இரண்டிலும் அலுவலர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதிரே நிற்பவரின் சட்டையை மேசையில் இருக்கும் சீட்டோடு ஒப்பிடுவது.

இதுவும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2018 இறுதியில் ஹூஸ்டன் நகரில், தீயணைப்பு வீரர்களுக்குக் காவலர்களுக்கு இணையான ஊதியம் கோரும் 'பி' முன்மொழிவு சீட்டில் இருந்தது. தீயணைப்பு வீரர் சங்கத்தின் மஞ்சள் டி-ஷர்ட்டோடு முன்கூட்டி வாக்களிக்க வந்த ஒரு பெண்ணிடம் அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சட்டையில் முன்மொழிவின் பெயர் இல்லை, 'ஆம்' இல்லை, 'இல்லை' இல்லை. சங்கம் அந்த முன்மொழிவுக்காக ஊரெங்கும் பிரசாரம் செய்துகொண்டிருந்தது என்பதுதான் தொடர்பு. வழக்கு ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2023இல் டெக்சாஸ் சட்டம் நின்றது. நின்றாலும், 'தொடர்புடைய' என்ற சொல் இருக்கும் வரை அலுவலரின் பொது அறிவு வாசல் வழியாக மறுபடி உள்ளே வரும். கலிஃபோர்னியாவைப் போலப் பெயர், உருவம், எண் என்று கண்ணால் சரிபார்க்கக்கூடியதைச் சொல்வதே நல்லது. கொஞ்சம் தப்பிப் போனாலும் பரவாயில்லை.

தமிழ்நாட்டு வாசலில்

இந்தியாவில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130ஆவது பிரிவு, வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பதையும், தேர்தல் தொடர்பான அறிவிப்பையோ அடையாளத்தையோ காட்டுவதையும் தடுக்கிறது. அபராதம் 250 ரூபாய் வரை. காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். வேட்பாளர் பெயரோ சின்னமோ உள்ள பேட்ஜ் அணிவது பிரசாரமாகும் என்று அலுவலர் கையேடும் எச்சரிக்கிறது. இங்கே சட்டத்தின் பிடி தேர்தலோடு கட்டப்பட்டிருக்கிறது, மினசோட்டாவைப் போல 'அரசியல்' என்று விரியவில்லை. அது பெரிய பலம்.

ஆனால் நம் ஊர்ச் சிக்கல்கள் வேறு. கரை வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு-சிவப்புக் கரை என்றால் எந்தக் கட்சி, நடுவில் வெள்ளை வந்தால் எந்தக் கட்சி என்று தெருவில் விளையாடும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கரையில் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. வெள்ளைச் சட்டைப் பையின் மெல்லிய துணிக்குள் தெரியும்படி வைத்த தலைவர் படம் இன்னொன்று. படத்தில் இருப்பவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம், வேட்பாளர் அல்ல, ஆனால் அந்த முகத்துக்காக விழும் ஓட்டு இன்றும் உண்டு. வேட்பாளரின் உருவம் என்று மட்டும் சொல்லும் விதிக்கு இது அகப்படாது. தலைவர் படங்களைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்தால்தான் அகப்படும். கரையைப் பொறுத்தவரை, எங்கள் கருத்தில் அதை விட்டுவிடுவதே சரி. அது பலருக்கு அன்றாட உடுப்பு. மாற்று வேட்டிக்காக வயதானவரை வெயிலில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அவர் திரும்பி வராமலே போகலாம்.

சின்னங்கள் இன்னும் நுணுக்கம். உதயசூரியன், இரட்டை இலை, தாமரை, கை, மாம்பழம், முரசு, குக்கர், டார்ச் லைட் எல்லாம் வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கும் பொருட்கள். தாமரைப் பூ போட்ட பட்டுப் புடவையைத் தடுத்தால் பாதிச் சாவடி காலியாகும். கடற்கரைச் சூரியோதயம் அச்சிட்ட டி-ஷர்ட்டும் அப்படியே. சாவடிச் சுவரில் ஒட்டியுள்ள வேட்பாளர் பட்டியலில் அந்தச் சின்னம் எந்த வரைவடிவில் அச்சாகியிருக்கிறதோ, அதே வடிவில் தனித்து நின்றால் அது சின்னம். துணி முழுக்கப் பரவிய பூ வேலைப்பாடு என்றால் அது புடவை. இந்த ஒரு வாக்கியத்தைப் பயிற்சி வகுப்பில் சொல்லிவிட்டால் வாசலில் நடக்கும் பாதி வாக்குவாதம் குறையும்.

வாசலில் வேலை நடக்க வேண்டிய விதம்

விதி எழுதியதும், அனுப்புவதற்கு முன்பு சோதிக்க வேண்டும். பத்துச் சட்டைகளின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: தெளிவாகத் தடைக்குரியவை மூன்று, தெளிவாக அனுமதிக்குரியவை மூன்று, இடையில் நிற்பவை நான்கு. மூன்று அலுவலர்களிடம் தனித்தனியாகக் கொடுங்கள். கலந்து பேச விடாதீர்கள். இடைப்பட்ட நான்கில் ஒன்றுக்கு மேல் பதில் மாறினால், பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். விதியின் சொற்களைத் திருத்துங்கள்.

அறிவிப்பை 100 மீட்டர் கோட்டுக்கு வெளியே வையுங்கள், கதவில் அல்ல. சட்டையின் முதுகில் உள்ள எழுத்தைத்தான் பின்னால் நிற்பவர் வரிசை நகரும் வரை படித்துக்கொண்டிருப்பார். கதவருகே வந்து பார்ப்பதற்குள் படிக்க வேண்டியவர்கள் படித்திருப்பார்கள். வரிசையின் கடைசியிலேயே ஒருவர் பார்த்துச் சொன்னால் வாக்காளருக்கும் நேரம் மிச்சம். மறைத்துக்கொள்ள ஒன்றிரண்டு சாதாரணத் துண்டுகள் கையில் இருக்கட்டும்; சட்டையைத் திருப்பிப் போட ஒதுக்குப்புறமான இடத்தைக் காட்டுங்கள். பெண்களிடம் பெண் அலுவலர் பேசட்டும். தலைமை அலுவலர் ஒருவர் மட்டுமே முடிவெடுக்க வேண்டும். காவலரோ பூத் ஏஜென்டோ அல்ல. எதிர்க்கட்சி ஏஜென்ட் கைநீட்டிக் காட்டியதால் மட்டும் ஒருவரை நிறுத்தினால், எடுத்த முடிவு சரியாகவே இருந்தாலும் பார்க்கிறவர்களுக்குச் சார்பாகத் தெரியும்.

மறுப்பவருக்கும் ஓட்டு மறுக்கப்படக் கூடாது. முதலில் வாக்களிக்க வைத்து அனுப்பிவிடுங்கள்; நடவடிக்கை தேவையென்றால் பிறகு. பதிவேட்டில் நான்கு கட்டங்கள் போதும்: என்ன எழுதியிருந்தது, எங்கே இருந்தது, வேட்பாளர் பட்டியலின் எந்த வரிசை எண்ணோடு பொருந்தியது, என்ன கேட்கப்பட்டது. மூன்றாவது கட்டத்தில் எழுத எண் எதுவும் இல்லையென்றால் நான்காவது கட்டத்துக்கு வேலையில்லை. அந்த வாக்காளரை அப்படியே உள்ளே விட வேண்டும்.